ஐந்து பேர் கை தூக்கினால்

சிப்புக்குள் கணக்குப் போடுவது மலிவு. போட்ட கணக்கை அடுத்த சிப்புக்குச் சொல்லி அனுப்புவதுதான் செலவு. சமையலுக்கு ஆகும் காஸைவிட சமைத்ததை டிபன் கேரியரில் வைத்து ஆபீஸுக்கு அனுப்ப அதிகம் ஆவது போல. உள்ளே ஒரு கேட்டைத் தட்டி எழுப்ப ஃபெம்டோஃபாரட் அளவிலான மின்தேக்கத்தை நிரப்பினால் போதும். அதே செய்தி சிப்பின் பின்னைத் தாண்டி, போர்டில் ஓடும் செம்புத் தடத்தில் பயணம் செய்து மெமரி சிப்பைச் சேர வேண்டுமென்றால் பிகோஃபாரட் கணக்கில், ஏறத்தாழ ஆயிரம் மடங்கு, நிரப்பி வடிக்க வேண்டும். மடியில் வைத்திருக்கும் லேப்டாப் சூடாவதில் இந்தப் போக்குவரத்துச் செலவுக்கும் கணிசமான பங்கு உண்டு.

இதைக் குறைக்க ஒரு தந்திரம் இருக்கிறது. கேட்டால் குழந்தை விளையாட்டு என்று தோன்றும். எட்டுக் கம்பிகள், ஒவ்வொன்றிலும் 0 அல்லது 1. இப்போது எட்டிலும் 0. அடுத்து அனுப்ப வேண்டியது 11111101. அப்படியே அனுப்பினால் ஏழு கம்பிகள் நிலை மாற வேண்டும். அதற்குப் பதிலாக எல்லாவற்றையும் தலைகீழாக்கி 00000010 என்று அனுப்பிவிட்டு, ஒன்பதாவதாக ஒரு கம்பியில் ‘தலைகீழ்’ என்று கொடி காட்டினால்? மாறுபவை இரண்டே கம்பிகள். எதிர்முனை கொடியைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொள்ளும். இதன் பெயர் டேட்டா பஸ் இன்வர்ஷன். தொழிலில் இருப்பவர்கள் டிபிஐ என்பார்கள். (பஸ் என்றால் இங்கே கம்பிகளின் தொகுதி. கூட்டத்தில் நெரிபடுவதில் மட்டும் மற்ற பஸ்களுடன் ஒற்றுமை.)

அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்திலிருந்து மிர்சியா ஸ்டான், வெய்ன் பர்ல்சன் ஆகிய இருவரும் 1995-ல் எழுதிய கட்டுரைதான் இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது. ‘பஸ்-இன்வர்ட்’ என்ற பெயர் நிலைத்தது அதன் மூலம்தான். கருத்து அதற்கும் பழையது; 1987-லேயே அமெரிக்காவில் ஒரு காப்புரிமை பதிவாகியிருக்கிறது. பிறகு கிராபிக்ஸ் மெமரிகள் அதை எடுத்துக்கொண்டன. 2012-ல் டிடிஆர்4 தரவிதியிலும், 2014-ல் செல்போன்களுக்கான எல்பிடிடிஆர்4 தரவிதியிலும் இடம் கிடைத்தது.

தந்திரம் எவ்வளவு மிச்சம் பிடிக்கும் என்பதற்குச் சிமுலேஷன் தேவையில்லை. பள்ளிக்கூடக் கணக்கு போதும். ஒன்பது கம்பிகளில் எதுவுமே மாறாமலிருக்க 1 வழி. ஒன்று மட்டும் மாற 9 வழி. இரண்டு மாற 36, மூன்று மாற 84, நான்கு மாற 126. கூட்டினால் 256. ஒரு பைட்டில் சொல்லக்கூடிய செய்திகளும் சரியாக 256! ஆக, எந்தச் செய்தியாக இருந்தாலும் நான்கு கம்பிகளுக்கு மேல் அசையாமல் சொல்லிவிட முடியும்; ஒரு வழிகூட வீணாகவில்லை. சராசரியாக அசைபவை 3.27 கம்பிகள். தந்திரம் இல்லாவிட்டால் 4. அதாவது 18.3 சதவீதம் மிச்சம். அதுவும் டேட்டா முழுக்கத் தற்செயலாக வருகிறது என்று வைத்துக்கொண்டால். 16 கம்பிகளுக்கு ஒரே கொடி என்றால் மிச்சம் 14.6 சதவீதமாக இறங்கும். 32 கம்பிகளுக்கு 11.3. அதனால்தான் எட்டு எட்டாகப் பிரித்து ஆளுக்கொரு கொடி கொடுக்கிறார்கள்.

பெங்களூரில் ஒரு டிசைன் நிறுவனத்தில் பதினான்கு ஆண்டுகளாக மெமரி இன்டர்ஃபேஸ் மட்டுமே செய்துவரும் ஒரு பெண் இன்ஜினியருக்கு இந்த 256 கணக்கு முதலில் கண்ணில் பட்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. அன்று சாயங்காலம் கேன்டீனில் டிஷ்யூ பேப்பரில் எழுதிப் பார்த்தாராம். “இவ்வளவு சுத்தமா முடியற கணக்கு இந்தத் தொழிலில் கிடைக்கறது அபூர்வம்” என்கிறார். அதன் பிறகு வந்தவை எதுவும் சுத்தமாக முடியவில்லை.

இந்தியாவில் சிப் பற்றிப் பேசினால் உடனே அடிக்கல் நாட்டு விழாக்கள்தான் மனதில் வரும். குஜராத்தில் சாணந்த், தோலேரா என்று பெயர்கள் அடிபடுகின்றன. ஆனால் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-ல் பெங்களூரில் கடை விரித்ததிலிருந்து இங்கே சத்தமில்லாமல் நடந்துவரும் தொழில் வேறு: சிப்பை உருவாக்குவதல்ல, வரைவது. உலகின் சிப் டிசைன் இன்ஜினியர்களில் ஐந்தில் ஒருவர் இந்தியர் என்பது அரசுத் தரப்பு திரும்பத் திரும்பச் சொல்லும் கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் செய்வது இந்தப் பெண்மணி செய்வது போன்ற வேலை. ஒரு பெரிய சிப்பின் ஒரு மூலையில், சில மைக்ரான் இடத்துக்காகவும் சில பிகோஜூல் சக்திக்காகவும் மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவது. இதற்கு அடிக்கல் நாட்ட எந்த அமைச்சரும் வரப்போவதில்லை.

மல்லுக்கட்டு எங்கே? திருப்பிப் போடுவது சுலபம். பெறுகிற முனையில் எட்டு எக்ஸார் கேட்டுகள், அவ்வளவுதான். கொடி 1 என்றால் புரட்டும், 0 என்றால் விட்டுவிடும். கஷ்டம் முழுவதும் அனுப்புகிற முனையில். புரட்டலாமா, வேண்டாமா என்று முடிவெடுக்க எத்தனை கம்பிகள் மாறப்போகின்றன என்று எண்ண வேண்டும். இந்த எண்ணும் சர்க்யூட்டுக்குத் தொழிலில் வைத்திருக்கும் பெயரே ‘மெஜாரிட்டி வோட்டர்’. எட்டு ஓட்டுகள், ஐந்தோ அதற்கு மேலோ ‘மாற்றம்’ என்று விழுந்தால் கொடியை மாற்ற வேண்டும். நாலுக்கு நாலு என்று தொங்கு சபை அமைந்தால் பழைய ஆட்சியே தொடரும். நமது சட்டசபைகளில் இல்லாத தெளிவு.

ஓட்டு எண்ணும் நேரம்தான் பிரச்னை. டிடிஆர்4 மெமரி அதன் 3,200 மெகாபிட் வேகத்தில் ஓடும்போது ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 312.5 பிகோசெகண்டு. பாடப்புத்தகத்தில் இருக்கும் வழி, ஆடர்களை மரம்போல் அடுக்கிக் கூட்டுவது. எட்டு ஓட்டையும் கூட்டினால் நான்கு இலக்க பைனரி விடை வரும். அதை ஐந்தோடு ஒப்பிட வேண்டும். இடமும் அதிகம், நேரமும் அதிகம். கூட்டல் நடக்கும்போது நடுவிலுள்ள கேட்டுகள் இறுதி விடைக்கு வருவதற்கு முன் இரண்டு மூன்று முறை தடுமாறி மேலும் கீழும் அசையும். ஒவ்வொரு தடுமாற்றமும் செலவு. மிச்சம் பிடிக்க வந்த சர்க்யூட்டே திருடித் தின்கிற வேலை இது.

அவர் செய்தது இதுதான்: ஏழு ஓட்டுகளை மட்டும் கூட்டினார். அதற்கு நான்கு ஃபுல் ஆடர்கள் போதும். விடை மூன்று இலக்கம். எட்டாவது ஓட்டைக் கூட்டவே தேவையில்லை. மேல் இலக்கம் 1 என்றால் ஏழில் நான்காவது விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது கீழே உள்ள இரண்டு இலக்கங்களில் ஏதாவது ஒன்று 1 ஆக இருந்தால் ஐந்து வந்துவிட்டது. இரண்டுமே 0 என்றால் எட்டாவது ஓட்டுதான் தீர்ப்பு. ஆக ஒரு ஆர் கேட், ஒரு ஆண்ட் கேட். கதை முடிந்தது. இது அவர் கண்டுபிடித்ததல்ல. பலர் பல இடங்களில் தனித்தனியாக வந்து சேர்ந்திருக்கக்கூடிய இடம்தான். ஆனால் தாமாக வந்து சேரும்போது அந்தச் சந்தோஷமே தனி.

இன்னொரு முடிச்சும் இருந்தது. சிப்பின் உள்ளே நீளமாக ஓடும் ஒரு பஸ்ஸுக்கும் டிபிஐ போட வேண்டும் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அங்கே எண்ண வேண்டியது கம்பிகளின் மாற்றத்தை. அதாவது முன்பு கம்பியில் என்ன இருந்தது என்று தெரிய வேண்டும். முன்பு போனது புரட்டிப் போனதா, நேராகப் போனதா என்பது முந்தைய தீர்ப்பைப் பொறுத்தது. அது அதற்கு முந்தையதை. எட்டு பைட் அடுத்தடுத்துப் போகும்போது எட்டுத் தேர்தல்களை வரிசையாக, ஒன்றின் முடிவு வந்த பிறகே மற்றொன்று என்று நடத்த வேண்டுமென்றால் எந்தக் கிளாக்கும் தாங்காது. ஒரு வாரம் இதில் போயிற்று. பிறகு காகிதத்தில் எழுதிப் பார்த்தபோது தெரிந்தது: முந்தைய கொடியை அப்படியே வைத்துக்கொண்டால் மாறும் கம்பிகளின் எண்ணிக்கை, புரட்டாத மூல டேட்டாக்களுக்கு இடையிலான வித்தியாசமேதான். இரண்டும் நேராகப் போனாலும் சரி, இரண்டும் புரண்டு போனாலும் சரி. ஆகவே எட்டுத் தேர்தல்களையும் ஒரே நேரத்தில் நடத்தலாம். ஐந்து ஓட்டு விழுந்த இடத்தில் மட்டும் கொடி மாறும். வரிசையாக நடக்க வேண்டியது ஒவ்வொன்றுக்கும் ஒரு எக்ஸார் மட்டுமே.

மெமரி சிப் செய்பவர்கள் இதையெல்லாம் விட்டுவிட்டு வேறு வழியிலும் போகிறார்கள். அவர்கள் தொழில்நுட்பத்தில் டிரான்சிஸ்டர்கள் மந்தம், மேலே கம்பி ஓட்டக் கிடைக்கும் அடுக்குகளும் குறைவு. ஆடர் மரம் அங்கே கட்டுப்படியாகாது. அதனால் எண்ணாமலே எடை போடுகிறார்கள். எட்டு டிரான்சிஸ்டர்கள் ஒரு பக்கம் இழுக்கும்; மறுபக்கம் நாலரை ஓட்டுக்குச் சமமான இழுப்பு. எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு சென்ஸ் ஆம்ப்ளிஃபையர் சொல்லிவிடும். சின்னது, வேகமானது. ஆனால் தராசு கொஞ்சம் கோணலாக இருந்தால் நான்கை ஐந்து என்றும் ஐந்தை நான்கு என்றும் சொல்லும். ஆச்சரியம் என்னவென்றால், சொன்னாலும் டேட்டா கெடாது. கொடி எதைச் சொல்கிறதோ அதன்படிதான் எதிர்முனை புரட்டுகிறது. கொஞ்சம் மிச்சம் குறையும், அவ்வளவே. தப்பாகத் தீர்ப்பு சொன்னாலும் யாருக்கும் தண்டனை கிடைக்காத கோர்ட். (ஆனால் கொடி சரியாகப் புறப்பட்டு வழியில் கெட்டால் எட்டு பிட்டும் காலி. அது வேறு கதை.) ஜூனியர் ஒருவர் இந்த வழியை யோசனையாகச் சொன்னார். “மேடம், தப்பானாலும் ஒண்ணும் ஆகாதே?” அவர் மறுத்துவிட்டார். சோதனை மேஜையில் ஒரே டேட்டாவுக்கு ஒரு சிப் கொடி காட்டும், இன்னொன்று காட்டாது. எது நல்ல சிப், எது கெட்ட சிப் என்று பிரிப்பது எப்படி? கட்டுப்படுத்த முடியாத நல்லதைவிட கட்டுக்குள் இருக்கும் சுமாரானது மேல் என்று நினைக்கிறவர் அவர். அந்த விஷயத்தில் அவர் சரியாகவே இருந்திருக்க வேண்டும்.

டிசைன் ரிவ்யூவுக்கு முந்தைய சனிக்கிழமை அப்பா போன் செய்தார். மின் வாரியத்தில் மீட்டர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் செய்வது என்ன என்று தெரிந்துகொள்ளாமல் விடமாட்டார். கம்பி, கொடி, ஓட்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்: “எல்லாம் சரிம்மா. மிச்சம் பிடிக்கிற உன் மெஷின் எவ்வளவு சாப்பிடும்?” தட்டு சுற்றும் பழைய மீட்டர்கள், வீட்டில் ஒரு பல்புகூட எரியாதபோதும் தாங்கள் உயிரோடிருக்கக் கொஞ்சம் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். அவருக்கு அது தெரியும். ரிவ்யூவில் கேட்கப்போகிற கேள்வியும் அதுதான் என்பது மகளுக்குத் தெரியும்.

சிப்பின் உள்ளே ஓடும் அந்த பஸ்ஸின் நீளம் ஐந்து மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் கம்பிக்கு மின்தேக்கம் சுமார் 0.2 பிகோஃபாரட், ஆக ஒரு பிகோஃபாரட். வோல்டேஜ் 0.8. ஒரு கம்பி ஒருமுறை நிலை மாற 0.32 பிகோஜூல். (ஒரு பிகோஜூல் என்பது ஒரு ஜூலில் லட்சம் கோடியில் ஒரு பங்கு.) ஒவ்வொரு பைட்டுக்கும் சராசரியாக மிச்சமாவது 0.73 அசைவு. அப்படியானால் மொத்த மிச்சம் 0.23 பிகோஜூல். இதுதான் பட்ஜெட். நான்கு ஆடர்கள், முன்னால் எட்டு எக்ஸார், பின்னால் எட்டு எக்ஸார், எதிர்முனையில் எட்டு எக்ஸார், நேரம் போதாமல் நடுவில் நுழைத்த ஃபிளிப்-ஃபிளாப்கள் எல்லாம் சேர்ந்து இதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். தவிர, பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு கம்பிகள் எதிரெதிர் திசையில் அசைந்தால் செலவு கூடும்; எண்ணிக்கை மட்டுமே பார்க்கும் வோட்டருக்கு அது கண்ணில் படாது.

அவருடைய சர்க்யூட் சாப்பிட்டது பட்ஜெட்டுக்கு மேல். ஆடர்களால் அல்ல. அவற்றை அவர் எலும்பும் தோலுமாக ஆக்கியிருந்தார். தின்றவை ஃபிளிப்-ஃபிளாப்கள். டேட்டா மாறினாலும் மாறாவிட்டாலும் ஒவ்வொரு கிளாக்குக்கும் அவை விழித்தெழுகின்றன. ரிவ்யூவில் அவரே அதைச் சொன்னார். மூன்று மாத வேலை. பக்கத்திலிருந்தவர்கள் சிலர் அளவீட்டை வேறு மாதிரி சொல்லலாமே என்று ஜாடை காட்டினார்கள். தாமே எழுதிய பிளாக்கை அன்று மாலையே அவர் டிசைனிலிருந்து நீக்கினார். இதில் வீரம் எதுவும் இல்லை என்கிறார்: “கூட்டினா வர்ற நம்பர் அது. சண்டை போட்டு என்ன ஆகப்போகுது?”

வெளியே, மெமரி பக்கம், கணக்கு தலைகீழ். டிடிஆர்4-ல் கம்பியின் முனை 1.2 வோல்ட்டோடு ரெசிஸ்டர் மூலம் கட்டப்பட்டிருக்கிறது. 1 சொல்ல மின்சாரம் ஓட வேண்டியதில்லை. 0 சொன்னால் சொல்லும் நேரம் முழுவதும் ஓடும். அனுப்பும் பக்கம் 34 ஓம், பெறும் பக்கம் 48 ஓம் என்று வைத்துக்கொண்டால் ஒரு 0-க்கு சுமார் 15 மில்லியாம்பியர். சக்தியில் ஒரு பிட்டுக்கு 5.5 பிகோஜூல். இங்கே எண்ண வேண்டியது மாற்றங்களை அல்ல, பூஜ்யங்களை. ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் புரட்டு. பழசை நினைவில் வைக்க ஃபிளிப்-ஃபிளாப்கூட வேண்டாம். பட்ஜெட் நான்கு பிகோஜூல். உள்ளே கிடைத்ததைவிட பதினேழு மடங்கு. (செல்போனின் எல்பிடிடிஆர்4-ல் கம்பி தரையோடு கட்டப்பட்டிருக்கிறது, அங்கே விலை உயர்ந்தது 1. அதனால் எண்ண வேண்டியதும் 1.)

நிஜ டேட்டா தற்செயலாக வருவதுமில்லை. எதுவும் எழுதப்படாத மெமரிப் பக்கங்கள் பூஜ்யம் பூஜ்யமாகவே கிடக்கும். 64 கம்பிகளிலும் 0 அனுப்பினால் ஓடுவது கிட்டத்தட்ட ஒரு ஆம்பியர். டிபிஐ இருந்தால் எட்டுக் கொடிகள் மட்டும் 0, 0.12 ஆம்பியர். இன்னொரு லாபத்தை சிக்னல் பக்கத்து ஆட்கள் சக்தி மிச்சத்தைவிடப் பெரிதாக மதிக்கிறார்கள்: ஒரே நேரத்தில் எட்டுக் கம்பிகளும் மின்சாரத்தை இழுக்கும்போது சிப்பின் தரை வோல்டேஜே ஆட்டம் காணும். ஒன்பதில் நான்குக்கு மேல் ஒருபோதும் 0 வராது என்ற உத்தரவாதம் அந்த ஆட்டத்துக்குக் கடிவாளம்.

ஆகவே மெமரி பக்கத்து வோட்டர், பைட்டுக்கு ஒன்று வீதம் எட்டு, சிப்பில் ஏறியது. சிப் வந்தது. சோதனையில் தேறியது.

டிபிஐ கட்டாயமில்லை. டிடிஆர்4 மெமரியில் எம்ஆர்5 என்ற ரெஜிஸ்டரில் இரண்டு பிட்டுகள் உண்டு. எழுதுவதற்கு ஒன்று, படிப்பதற்கு ஒன்று. ஆன் செய்வதா வேண்டாமா என்பது சிப்பை வாங்குபவர் விருப்பம். நான்கு பிட் அகல மெமரி சிப்களில் அந்த வசதியே கிடையாது. பல சர்வர்கள் அவற்றைத்தான் பயன்படுத்துகின்றன. 2020-ல் வந்த டிடிஆர்5 தரவிதியில் டிபிஐ அடியோடு இல்லை. படிக்கும்போது ஆன் செய்தால் மெமரி பதில் சொல்லக் கூடுதலாகச் சில கிளாக் எடுத்துக்கொள்ளும். அதற்கும் எண்ண நேரம் வேண்டுமே. எழுதும்போது வேறு தொல்லை. கொடி காட்டும் அதே பின்தான் ‘இந்த பைட்டை எழுதாதே’ என்று தடுக்கும் டேட்டா மாஸ்க் வேலையையும் செய்கிறது. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும்.

வாங்கியவர்களின் சாஃப்ட்வேருக்கு மாஸ்க் வேண்டியிருந்தது. தாமதத்தைப் பொறுத்துக்கொள்கிறோம், படிப்பதற்கு டிபிஐ இருக்கட்டும், எழுதுவதற்கு வேண்டாம் என்றார்கள். படிக்கும்போது எண்ணுவது மெமரி சிப்பின் வேலை. இந்தப் பக்கம் உழைப்பவை எட்டு எட்டாக நிற்கும் எக்ஸார் கேட்டுகள் மட்டும். அவற்றை எழுத அவருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. நான்கு ஆடர் வோட்டர்கள் எட்டும் அணைந்து கிடக்கின்றன. இடத்தில் சின்னவை என்பதால் அடுத்த சிப்பில் அவற்றை எடுத்துவிடும்படி யாரும் இதுவரை சொல்லவில்லை.